கையில்லாத பனியனும் என் கோழித்தோலும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சாம்பிள் பீஸில் குத்தும் அட்டையில் சைஸ், கலர், தேதி, அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன், முன்பின் தெரியாதவர்கள் படிப்பதற்காக எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். அதுவும் என் கைத் தோலைப் பற்றி. வெறும் தோல் சமாச்சாரம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அந்தத் தோலால் ஒருவர் மேல் எனக்கு வந்த பொறாமையை வீட்டில்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தோளிலிருந்து முழங்கை வரை, இரண்டு கையிலும் வெளிப்பக்கம், தோல் பொரிப்பொரியாக இருக்கும். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு கடுகு அளவு மேடு. வலி கிடையாது, அரிப்பும் அதிகமில்லை. மார்கழிப் பனியிலும் ஆடிக் காற்றிலும் செக்கச்செவேல் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் ‘உரிச்ச கோழி’ என்று கூப்பிட்டார்கள். அன்றைக்குக் கையை மூடியவன்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை பெரியாஸ்பத்திரியில் காட்டினேன். இது நோயே இல்லை, ஒட்டாது, குடும்பத்தில் வருவது, வயசாக ஆகக் குறையும், முழுசாகப் போகாது, தோலைக் காயவிடாமல் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். ஒரு டியூப் முடிந்ததும் விட்டுவிட்டேன். அரைக்கை சட்டை முழங்கை வரை தொங்கினால் போதும் என்று வாழ்ந்துவிட்டேன். பனியன் ஊரில் பிறந்து, பனியன் தைத்துச் சாப்பிட்டு, கையில்லாத பனியனோடு வாசலில் கூட நின்றதில்லை.

அருள்புரம் பக்கம் ஒரு கம்பெனியில் பதினாறு வருசமாகச் சாம்பிள் டெய்லராக இருக்கிறேன். ஆர்டர் வருவதற்கு முன், துணி வாங்குகிற பையருக்குக் காட்ட ஒன்றிரண்டு பீஸ் தைக்கிற வேலை. அதோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. என் மார்பும் தோளும் உயரமும் அளவுத் தாளில் ‘எம்’ சைஸுக்குப் போட்டிருப்பதோடு அப்படியே பொருந்தும். அதனால் பையர் ஆபீஸிலிருந்து ஃபிட் பார்க்க யார் வந்தாலும் சாம்பிளைப் போட்டுக்கொண்டு நிற்பது நான்தான். எங்களிடம் துணி சுற்றிய டம்மி ஒன்று உண்டு. ஆனால் டம்மிக்குக் கை தூக்கத் தெரியாது, குனியத் தெரியாது. செக்கிங் பெண்கள் என்னை ‘உசுருள்ள டம்மி’ என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். பேசவே வேண்டாம், நின்றால் போதும். கோட்டுப் போட்டவர்கள் என்னைச் சுற்றி வந்து தோள் தையலைக் கிள்ளிப் பார்ப்பார்கள், முதலாளியும் பக்கத்தில் நிற்பார். அந்தப் பத்து நிமிசம் அந்தக் கட்டடத்தில் முக்கியமான ஆள் நான். இத்தனை வருசமும் வந்தது டி-சர்ட்டும் காலர் சர்ட்டும். கையுள்ள துணி. என் தோலை யாரும் பார்த்ததில்லை.

போன வருசம் கையில்லாத ஜிம் பனியன் ஆர்டர் ஒன்று பேச்சுக்கு வந்தது. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற எங்கள் மெர்ச்சண்டைசர் ஒரு இளம்பெண், பல்லடத்துப் பிள்ளை, மரியாதையானவர். முதல் சாம்பிளை என் கையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். மாற்றிக்கொண்டு வந்தேன். அவர் கண் என் மேல்கையில் விழுந்து, உடனே டேப்புக்குத் திரும்பியது. அளந்தார், குறித்தார். சாயங்காலம் போகும்போது மெதுவாகச் சொன்னார், “ஏனுங்ணா, இந்த ஸ்டைல் போட்டோவெல்லாம் எடுத்து அனுப்போணும். இதுக்கு மட்டும் வேற ஆளப் போட்டுக்கலாங்களா?”

“போட்டுக்கலாமுங்க” என்றேன். வேறென்ன சொல்வது.

அந்த வேற ஆள், துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பத்திநாலு முப்பத்தஞ்சு வயசிருக்கும், எங்கள் கம்பெனிக்கு வந்து இரண்டு வருசம்தான். அவரும் ‘எம்’ சைஸ். அவர் கையை நான் அதுவரை கவனித்ததில்லை. அன்றிலிருந்து வேறெதையும் கவனிக்க முடியவில்லை. கறுப்புத்தான். ஆனால் நல்லெண்ணெய் தடவிய கல் மாதிரி வழவழவென்று ஒளி வழுக்கிக்கொண்டு போகும். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருப்பார். எனக்கென்றே மடித்து விட்டது போல இருக்கும். டீ டைமில் செக்கிங் பெண்கள், “புது டம்மி சோக்கா இருக்குதுங்க, பழைய டம்மிய குடோனுக்கு அனுப்பிரலாமா” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவரிடம் ஒரு குறையைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது.

மறுவாரம் கை கழுவும் இடத்தில் என் சட்டைக் கை நனைந்ததால் மேலே தூக்கி விட்டேன். அவர் பக்கத்துக் குழாயில் நின்றார். பார்த்துவிட்டார்.

“அண்ணே, எனக்கும் இதான் இருந்துச்சு” என்றார்.

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்கிற உயரத்தில் அவர் இருக்கிறாரே என்றும் நினைத்தேன். அவர் விடவில்லை. கல்யாணத்துக்கு முன் தனக்குக் கையிலும் தொடையிலும் இதே மாதிரி இருந்ததையும், அவர் மனைவி கைப்பக்குவமாகச் செய்து வந்ததில் அடங்கியதையும் சொன்னார். மறுநாள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாவு கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்தார். பாசிப்பயறை வறுக்காமல் காயவைத்து, நைசாக அரைத்துச் சலித்தது. வேறொன்றும் கலக்கவில்லை.

முறை இதுதான். வெந்நீர் கூடாது, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சோப்பைத் தினமும் அந்த இடத்தில் போடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மாவைப் புளிக்காத தயிரில் குழைத்துப் பூசி, காய்ந்து இறுகுவதற்கு முன்னாலேயே உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மற்ற நாளில் பீர்க்கங்காய் நாரை நன்றாக ஊறவைத்து, குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி ஒரே ஒரு சுற்று. நம் ஊர் போர்த் தண்ணி உப்பு; தோலை இழுக்கும். அதனால் கடைசிச் சொம்பு மட்டும் நல்ல தண்ணியாக இருக்க வேண்டும். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுசாகக் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுக்கக் கூடாது.

“ரெண்டு மூணு மாசம் ஆவும் அண்ணே. அவசரப்படப்பிடாது. பாக்கதுக்கு அடங்குமே தவிர வேரோட போவாது” என்றார்.

அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மனைவி பிடுங்கிக்கொண்டாள். அவள் வீட்டிலிருந்தபடியே பீஸ்களுக்குப் பிசிறு வெட்டுகிறவள். பொறுமை அதிகம். அன்று இரவே பயறு வாங்க ஆள் அனுப்பாத குறை. நல்ல தண்ணி எங்கள் வீதிக்கு எட்டு நாளைக்கு ஒரு முறைதான் வரும். அதில் ஒரு குடத்தை எனக்கென்று தனியாக மூடி வைத்தாள். தினமும் காலையில் என்னை உட்கார வைத்து எண்ணெய் தடவுவாள். இத்தனை வருசத்தில் நான் அவளிடம்கூட விளக்கு வெளிச்சத்தில் கையை நீட்டியதில்லை. அது சுகமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தடவும்போதெல்லாம் அவள் பேசியது அவரைப் பற்றி. எவ்வளவு நல்ல மனுசர், கூடப் பிறந்தவர்கூட இப்படிச் செய்ய மாட்டார், அவரைக் கட்டின அந்த அக்கா கொடுத்து வைத்தவங்க. அவர் கொடுத்த மாவைப் பூசிக்கொண்டு, அவர் சொன்ன முறையில் குளித்துவிட்டு, என் மனைவி வாயால் அவர் புகழைக் கேட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போனேன். போனால் அவர் கையை மடித்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நாலாவது வாரத்தில் மாற்றம் தெரிந்தது. தோல் மேல் சிங்கிள் ஜெர்சி பனியன் துணித்துண்டு ஒன்றை இழுத்துப் பார்ப்பேன். முன்பெல்லாம் பொரியில் மாட்டி மாட்டி வரும். இப்போது ஓரிடத்தில்தான் நின்றது. சிவப்பும் குறைந்திருந்தது. சந்தோசப்பட்டு அப்படியே தொடர்ந்திருக்க வேண்டியவன், தேதி எண்ண ஆரம்பித்தேன். ஏனென்றால் அடுத்த வியாழக்கிழமை பையர் ஆபீஸிலிருந்து பெங்களூர்க்காரர் ஒருவர் ஃபிட் பார்க்க வருவதாக இருந்தது. அன்று அவர் யார் உடம்பில் பார்த்துச் சரி என்கிறாரோ, அந்த ஆர்டர் முழுக்க அந்த உடம்புதான். கூடவே மேலும் நாலு கையில்லாத ஸ்டைல் வரப்போவதாகப் பேச்சு. இந்த ஒரு தடவை ஓவர்லாக்காரர் நின்றுவிட்டால், இனி நான் நிற்கப் போவதில்லை என்று பயம்.

கூச்சத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு மெர்ச்சண்டைசரிடம் போய், கை இப்போது தேவலை, வியாழக்கிழமை நான் நிற்கட்டுமா என்று கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். “அவருக்கே சொல்லிட்டமுங்ணா. சரி, உங்களையும் ஸ்டேண்ட்பையா வெச்சுக்கறன்” என்றார். பிறகு ஒரு வேலை சொன்னார். அந்த ஓவர்லாக்காரருக்குத் தோள் சரிவானது. முதல் சாம்பிளை அவர் போட்டுக் கையைத் தூக்கினால், கை நுழைகிற ஆர்ம்ஹோல் அக்குள் பக்கம் வாயைப் பிளந்தது. தோளில் கால் இஞ்ச் இறக்கித் தைத்துவிடுங்கள் என்றார்.

சரிங்க என்றேன். இறக்கவில்லை.

இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. என் தோள் நேரானது. என் தோளுக்கே தைத்தேன். அளவுத் தாளில் தோள் சரிவு போடவில்லை. யாரும் கேட்டால் தாளைக் காட்டலாம். அவர் போட்டால் பிளக்கும், பெங்களூர்க்காரர் முகம் சுளிப்பார், அப்போது ஸ்டேண்ட்பை நான் போட்டுக்கொண்டு வருவேன், பொருந்தி நிற்கும். தையலில் இருபத்தெட்டு வருசம் கற்றதை எல்லாம் அந்தப் பிளவுக்குச் செலவு செய்தேன்.

ஆனால் அதற்கு என் கை வியாழக்கிழமைக்குள் இன்னும் மழுங்க வேண்டும். பாசிப்பயறு அந்த வேகத்துக்கு வராது. அப்போது எனக்குத் தோன்றியது இந்த ஊர்க்காரனுக்கு மட்டும் தோன்றக்கூடிய யோசனை. துணி மேல் நிற்கும் பஞ்சும் பொரியும் போய் மழமழவென்று ஆக சாயப்பட்டறையில் பயோ வாஷ் கொடுப்பார்கள். வெந்நீரில் கொஞ்சம் ஆசிட் விட்டு, பயோ வாஷ் மருந்தைக் கலந்து, துணியை ஓட்டி எடுத்தால் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். துணிப் பொரியைத் தின்கிற மருந்து தோல் பொரியைத் தின்னாதா? என் பங்காளி ஒருவன் சாயப்பட்டறையில் இருக்கிறான். ஒரு பீஸில் கறை என்று பொய் சொல்லி, மருந்தும் ஆசிட்டும் ஒவ்வொரு சின்ன பாட்டில் வாங்கி வந்தேன்.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் மனைவி ரேசன் கடைக்கும் கோயிலுக்கும் போன நேரம் பார்த்து, துணிக்குச் செய்வது போலவே செய்தேன். கை பொறுக்கிற அளவுக்கு வெந்நீர், கண் மதிப்பில் ஆசிட், மருந்து. துணியை நனைத்துச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம். பிறகு பீர்க்கங்காய் நாரை ஊறவைக்காமலே அழுத்தித் தேய்த்தேன். முதல் நாள் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் தோல் வழன்றுவிட்டது. புதன்கிழமை காலையில் தோளிலிருந்து முழங்கை வரை மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி சிவந்து, நீர் கசிந்தது. சட்டை ஒட்டிக்கொண்டது.

எண்ணெய் தடவ வந்த மனைவி சட்டையைக் கழற்றச் சொன்னாள். நான் மறுத்தேன். பாத்ரூமிலிருந்த புளிப்பு நெடியை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பங்காளிக்குப் போன் போட்டு என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டாள். அவன் விசயத்தைக் கேட்டதும் ஸ்பீக்கரில் சொன்னது வீடு முழுக்கக் கேட்டது: “அது பருத்தியத் தின்ற மருந்துங்கொ. உங்கூட்டுக்காரரு தோலென்ன நாப்பதாம் நம்பர் நூல்லயா ஓட்டிருக்குது? ஆசிட்டுல வெந்துருக்கும். மொதல்ல பச்சத்தண்ணி ஊத்துங்க.” நல்ல தண்ணிக் குடத்தில் பாதியை அவள் என் கையில் ஊற்றினாள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மருந்து தடவி, ஒரு வாரம் எதையும் தேய்க்காதே என்று அனுப்பினார்கள்.

“ஏனுங்க, அந்தண்ணன்தான் மூணு மாசமாவும்னு சொல்லிருக்குதே. ஒங்களுக்கு என்ன அவசரம்?” என்று வரும் வழியில் கேட்டாள். அந்தப் பனியனைப் பற்றி அவளுக்கு இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். தைத்த பீஸ் ஏற்கெனவே சாம்பிள் ரூமில் தொங்கியது. காலையிலேயே எடுத்துப் பிரித்து இறக்கித் தைத்திருக்கலாம், அரை மணி நேர வேலை. தொடவில்லை. என் கை நிற்க முடியாத நிலையில் இருந்தும், அவர் நன்றாக நிற்பதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

பதினோரு மணிக்குப் பெங்களூர்க்காரர் வந்தார். ஓவர்லாக்காரர் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சுற்றி முதலாளி, மெர்ச்சண்டைசர், அளவு அட்டை வெட்டுகிற பேட்டர்ன் மாஸ்டர், நான். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். ஆர்ம்ஹோல் பிளந்தது, மூன்று விரல் போகும். பெங்களூர்க்காரர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மெர்ச்சண்டைசர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எறக்கலீங்களா என்று கேட்கிற பார்வை. நான் அளவுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எம் சைஸ் உடம்பு உண்டா என்று பெங்களூர்க்காரர் கேட்டார் போலிருக்கிறது.

“நீங்க போட்டுட்டு வாங்கண்ணா” என்றார் மெர்ச்சண்டைசர்.

நான் நினைத்தது நினைத்தபடியே நடந்தது. ஆனால் என்னால் அசைய முடியவில்லை. வேண்டாமுங்க என்றேன்.

“நீங்கதானுங்ணா கேட்டீங்க?”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அப்போது அவர்தான் பேசினார், பிளந்த பனியனோடு நின்றபடி. “மேடம், அண்ணனுக்குக் கை புண்ணா இருக்கு. விடுங்க.” நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையிலிருந்து நான் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

பெங்களூர்க்காரர் மணி பார்த்தார். பிறகு சொன்னதை மெர்ச்சண்டைசர் தமிழில் சொன்னார். இந்த உடம்பையே வைத்துக்கொள்ளலாம். ஜிம்முக்குப் போகிறவர்களுக்குத் தோள் இப்படித்தான் சரிந்திருக்கும். பேட்டர்னை இவர் அளவுக்கு மாற்றி நாளைக்கு அனுப்புங்கள். வரப்போகிற நாலு ஸ்டைலும் இதே அளவில். முதலாளி தலையாட்டினார். நான் சூது செய்யாமல் சொன்னபடி இறக்கித் தைத்திருந்தால், அளவை மாற்றும் பேச்சே வந்திருக்காது, அவர் இந்த ஒரு ஸ்டைலுக்கு மட்டும் நின்றிருப்பார். இப்போது நாலுக்கும் அவர்தான் என்று என் பீஸே முடிவு செய்துவிட்டது.

அளவெடுக்க வேண்டியது நான். டேப்பை அவர் தோள்முனையில் வைத்து மேல்கையைச் சுற்றினேன். அத்தனை நாள் தூரத்திலிருந்து பார்த்துப் பார்த்து நான் பொறாமையில் வெந்த கை. விரலடியில் சின்னச் சின்னதாக நெருடியது. விரலை எடுத்து மறுபடி வைத்தேன். பொரிதான். கண்ணுக்குத் தெரியாமல், வரிசையாக, எல்லாம் அங்கேயே இருந்தது.

“இன்னும் இருக்கு அண்ணே. தெனமும் எண்ணெ போடுதேன், அவ்வளவுதான்” என்றார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “சோல்டர்ல கால் இஞ்ச் எறக்கிருங்க, இந்தத் தடவ” என்றார்.

இரண்டு வருசமாக என் கண் முன்னால் ஓவர்லாக் ஓட்டுகிறவர். தையலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவருக்குத் தெரிந்திருக்கிறது, பிளந்த பனியனோடு நின்றபோதும் தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை. நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். வெட்கப்படவும் செய்தேன். ஆனால் அதைவிட அதிகமாக, இந்த மனுசனுக்கு இப்படி இருக்க முடிகிறதே என்று இன்னொரு முறை பொறாமைப்பட்டேன். கையை விட அது பெரிசாக வலித்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் அளவுக்குப் புதுப் பேட்டர்ன் வெட்டினோம். மூன்று பீஸ் தைத்தேன். மதியம் அவர் போட்டுக் காட்டினார், பிளக்கவில்லை. நாலு மணிக்குக் கூரியரில் போயிற்று.